வெள்ளைக் கோட்டில் தார்

ஒகேனக்கல்லில் மீன் வறுத்து விற்கிறவர்கள் எத்தனையோ பேர். வறுத்த கையோடு துணி துவைத்தால் கவிச்சி போகாது என்று கண்டுபிடித்து வைத்திருப்பவள் சசிகலா. முதலில் கல்லுப்பும் எலுமிச்சைச் சாறும் போட்டுக் கையைத் தேய்ப்பாள், பிறகுதான் துணியைத் தொடுவாள். முதல் அலசல் பச்சைத் தண்ணீரில். வெந்நீர் பட்டால் கவிச்சி நூலுக்குள் போய் உட்கார்ந்துகொள்ளுமாம். அவள் போட்ட சட்டம் அது. மகள் அன்பரசி ஆறாம் வகுப்பு படிக்கும்போது, பக்கத்தில் உட்கார்ந்த பெண் மூக்கைப் பொத்திக்கொண்டாள் என்று அழுதுகொண்டே வந்தாளே, அன்றிலிருந்து இந்தப் பாடுதான்.

அன்பரசி இப்போது நர்ஸ். நாளைக் காலை தர்மபுரியில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் முதல் டூட்டி. இருப்பது ஒரே ஒரு வெள்ளைக் கோட்டு. இன்று சாயங்காலம் அவள் ஏறப்போகும் நாலரை பஸ்ஸுக்குள் அது காய்ந்தாக வேண்டும்.

கொடிக்கயிறு கடைக்குப் பின்னால் இருந்தது. வாணலிப் புகை நேராக அங்கேதான் போகும். நம் கெட்டிக்காரி என்ன செய்தாள்? ஆற்றோரம் கவிழ்த்துக் கிடந்த பரிசலின் முதுகில் கோட்டை விரித்துவிட்டு வந்தாள். வெயிலில் அது தோசைக்கல்லாய்ச் சுடும், அரை மணியில் காய்ந்துவிடும். அந்தப் பக்கத்துப் பெண்கள் எல்லோரும் செய்வதுதான்.

அந்தப் பரிசலில் ஒழுகுகிற இடத்தில் அதை ஓட்டுகிற அவள் புருஷன் மாதேஷ் காலையில் புதுத் தார் பூசியிருந்தான். அந்த வாடை அவளுக்கு எட்டவில்லை. வறுவல் புகையில் ஊறிய மூக்குக்கு வேறு எது எட்டும்?

இரண்டு மணிக்கு எடுக்கப் போனால் கோட்டு வரவில்லை. இழுத்தாள். பிசுபிசுவென்று பிரிந்து வந்தது, முதுகில் உள்ளங்கை அகலத்துக்குக் கரேல் என்று.

"ஐயோ, என் குடி முழுகிப்போச்சே!"

மாதேஷ் ஓடி வந்தான். "அதுமேல எதுக்குடி போட்ட? காலையிலதான் தார் பூசுனேன்."

"சொல்றதுக்கு வாய் வலிச்சுதா உங்களுக்கு?"

தாரை இறுக வைக்க ஐஸ் வேண்டும். கடைப் பெட்டி நிறைய ஐஸ்தான், ஆனால் எல்லாம் மீன் கிடந்த ஐஸ். ஜூஸ் கடைக்கு ஓடினாள். வாங்கி வந்த ஐஸைக் கவரில் கட்டி அழுத்தினாள், இறுகிய தாரைக் கரண்டி முனையால் சுரண்டினாள். பிரிக்காத கடலை எண்ணெய் பாக்கெட்டைப் பிரித்து ஊற்றித் தேய்த்தாள், சோப்புத்தூள் போட்டுக் கசக்கினாள். மறுபடி எண்ணெய், மறுபடி சோப்பு. நாலாவது தடவைக்குக் கறுப்பு போய்விட்டது. டீ கொட்டியது போல் ஒரு பழுப்பு மட்டும் போவேனா என்றது. நேரமில்லை. எலுமிச்சை போட்டு அலசி, பாறையில் நின்று கோட்டை இரண்டு கையாலும் தூக்கிப் பிடித்தே காயவைத்தாள். தோள்பட்டை விட்டுப்போனது.

பஸ்ஸுக்குக் கிளம்பி வந்த அன்பரசி கோட்டை வாங்கினாள். பழுப்பை ஒரு பார்வை பார்த்தாள். உடனே மூக்கருகில் கொண்டுபோய் காலர், கக்கம், பை என்று ஒவ்வொன்றாக முகர்ந்தாள். முகம் தெளிந்தது.

"கவிச்சி இல்லம்மா. அப்பாடா!"

"கறை போகலியேடி."

"தார்தானே? யாராச்சும் கேட்டா, எங்கப்பா பரிசல் ஓட்டுறாருன்னு சொல்லிட்டுப் போறேன்."

சசிகலாவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. "என்னையக் கேட்டா?"

அன்பரசி கோட்டை மடித்துக்கொண்டே, "நீ வூட்டுல சும்மா இருக்கேன்னு ஆஸ்பத்திரியில சொல்லியிருக்கேம்மா," என்றாள். குரலில் கெட்ட எண்ணம் எதுவும் இல்லை. அதுதான் இன்னும் சுட்டது.

மாதேஷ் பையைத் தூக்கிக்கொண்டு மகளோடு பஸ்ஸுக்கு நடந்தான். சசிகலா கூடப் போகவில்லை. யாரோ இரண்டு பிளேட் வறுவல் கேட்டார்கள், மீனை எடுத்து எண்ணெயில் போட்டாள். இத்தனை வருடமாக மகளின் துணியிலிருந்து உப்பும் எலுமிச்சையும் போட்டுத் தேய்த்துத் தேய்த்துத் தன்னையே அல்லவா போக்கியிருக்கிறாள்!