குத்துவிளக்கு எண்ணெயும் கனகேஸ்வரி அக்காவின் பந்தும்

வெள்ளவத்தையில் எங்கள் தொடர்மாடியின் மூன்றாம் தட்டில் இருந்த கனகேஸ்வரி அக்காவுக்கு வாயில் ஒன்றும் நிற்காது. யாருக்குக் கலியாணம் பேசுகிறார்கள், யாருக்கு விசா மறுத்துவிட்டார்கள், எல்லாம் படியிறங்கும்போதே ஊருக்குச் சொல்லிவிடுவா. கீழ்வீட்டுக்காரி என்ற பாவத்துக்கு முதலில் கேட்பவள் நான்.

நாற்பத்தாறு வயதில் அவ பௌலிங் ஆட்டக்காரி ஆனா. கிரிக்கெட் பௌலிங் அல்ல. பந்தை உருட்டிப் பத்துக் கட்டைகளை விழுத்துகிற விளையாட்டு. அவ தட்டச்சு செய்த கப்பல் கம்பனியின் அணிக்கு ஒரு பெண் குறைந்தது என்று இழுத்துக்கொண்டு போனார்கள். மூன்றாவது பந்திலேயே பத்தும் விழுந்துவிட்டதாம். அதற்குப் பிறகு அவவை யார் பிடித்து வைப்பது?

அது இரண்டாயிரமாம் ஆண்டு. கொழும்பில் சந்திக்குச் சந்தி சோதனைச்சாவடி. தமிழ்ப் பெண் ஒருத்தி கறுப்பாய், உருண்டையாய், கனமாய் ஒன்றைப் பைக்குள் வைத்துக்கொண்டு காலி வீதியில் பஸ் ஏறினால் என்ன நடக்கும்? பையைத் திறந்த சிப்பாய் இரண்டடி பின்னால் போய்விட்டான். "மேக்க மொகத்த?" இது என்னவென்று சிங்களத்தில் கேட்டுத் துவக்கைத் தூக்கினான். "போலயக் மல்லி, போலயக்!" பந்துதான் தம்பி என்று அக்கா அதை நடைபாதையில் உருட்டியே காட்டினா. பக்கத்தில் நின்ற நான் கண்ணை மூடிக்கொண்டேன். அந்தப் பையன் சிரித்துவிட்டான். பிறகு வாராவாரம் அவனே "அக்கே, கீயத வெட்டுனே?" என்று விழுந்த கட்டைகளின் கணக்குக் கேட்பான்.

இந்த விளையாட்டில் பந்தைவிட எண்ணெய்தான் முக்கியம் என்று அக்கா எனக்குச் சொல்லாத நாளில்லை. பந்து ஓடும் லேன் அறுபது அடிப் பலகை. முதல் நாற்பது அடிக்கு எண்ணெய் பூசுவார்கள். நடுவில் தடிப்பாக, ஓரங்களில் பேருக்கு. எண்ணெயில் பந்து வழுக்கிக்கொண்டே போகும். காய்ந்த இடத்தைத் தொட்டதும் பிடித்துக்கொண்டு இடப்பக்கம் வளையும். அதனால் கெட்டிக்காரர் பந்தை வலது ஓரமாக விடுவார்கள். காய்ந்த ஓரம் அதைத் திருப்பி நடுக்கட்டைக்கு அனுப்பும். எண்ணெய் எந்த இடத்தில் எவ்வளவு என்று கண்ணுக்குத் தெரியாது. பந்து போகிற போக்கைப் பார்த்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

அந்த வருடம் கோலாலம்பூரில் ஒரு போட்டி. இலங்கைப் பெண்கள் அணியில் ஒரே ஓர் இடம் மிச்சம். அக்காவுக்கு அந்த இடம் உயிர். அவவின் தங்கை கௌரி அங்கேதான் இருந்தா. இருவரும் கண்டு பதின்மூன்று வருடம். கௌரிக்கு இங்கே திரும்பி வரப் பயம். அக்காவுக்கு இரண்டு தரம் விசா மறுத்துவிட்டார்கள். அணியோடு போனால் மறுக்கமாட்டார்கள். இதைச் சொல்லும்போது மட்டும் அக்காவின் குரல் இறங்கிவிடும்.

அந்த இடத்துக்கான இறுதி ஆட்டத்தில் அக்காவும் கொட்டாஞ்சேனை ஸமீமாவும் மோதினார்கள். ஸமீமாவுக்கு இருபத்துநான்கு வயது. அவளுடைய பந்து புயல்.

நம் நாட்டில் குத்துவிளக்கு ஏற்றாமல் எந்த விழா தொடங்கியிருக்கிறது? விளக்கை, பந்து விடுகிற லேனின் தலைமாட்டிலேயே வைத்தார்கள், படத்துக்கு அழகாக இருக்குமாம். பௌலிங் சப்பாத்து இல்லாமல் அங்கே ஏறக்கூடாது என்பதால் பிரதம விருந்தினருக்கும் ஒரு சோடி மாட்டிவிட்டார்கள். அது வழுக்கி ஓடுவதற்கென்றே செய்த சப்பாத்து. ஐயா முதல் திரியை ஏற்றினார், வழுக்கினார், விளக்கைக் கட்டிப்பிடித்தார், இரண்டு பேருமாகச் சாய்ந்தார்கள். நல்லவேளை, திரி அணைந்துவிட்டது. தேங்காயெண்ணெய் முழுக்க லேனின் வலப்பக்கத்தில். லேனுக்கு எண்ணெய் பூசுகிற ஜிந்துப்பிட்டி வேலுசாமி துணியோடு பாய்ந்து, ஓரமாகவே கட்டைகள் வரை அழுத்தித் துடைத்தார். "சுத்தமாயிருச்சுங்க!" என்றார். எல்லோரும் கைதட்டினார்கள்.

ஆட்டம் தொடங்கியது. வலது ஓரமாக விட்ட பந்து ஒன்றும் திரும்பவில்லை. ஸமீமாவின் பந்து லேனோரப் பள்ளத்தில் விழுந்தது. அக்காவின் பந்தும் பள்ளத்தில். பத்துக் கட்ட ஆட்டத்தில் முதல் நான்கு கட்டமும் இதே கூத்து. அக்காவுக்கு முகம் வெளுத்துவிட்டது. எனக்கு அழுகையே வந்துவிட்டது.

ஐந்தாம் கட்டத்தில் அக்கா பந்தைத் துவாயால் துடைத்தா. துவாயை மூக்கில் வைத்து மணந்து பார்த்தா. கண் அகலத் திறந்தது. இப்போதாவது வாயை மூடிக்கொண்டிருப்பா என்று நான் நினைத்தேன். எங்கே!

"என்ன வேலுசாமி! குத்துவிளக்கு எண்ணெயைத் துடைக்கிறன் எண்டு ஓரம் முழுக்கப் பூசியெல்லோ விட்டிருக்கிறீர்!"

மண்டபமே அதிர்ந்து சிரித்தது. வேலுசாமி தலையில் கைவைத்துக்கொண்டார். "ஐயோ அக்கா, நா தொடச்சுட்டேன்னு நெனச்சேன்!" ஸமீமாவும் தன் துவாயை மணந்து பார்த்தாள், சிரித்தாள், இரண்டடி இடப்பக்கம் நகர்ந்து நின்றாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"அக்கா, உங்களுக்குப் பைத்தியமே? அவளுக்கும் சொல்லிப்போட்டீங்களே!"

"நான் எங்க சொன்னனான்? வாய் சொல்லிப்போட்டுது."

அதற்குப் பிறகு இருவரும் வலது ஓரத்தை விட்டுவிட்டு நடுவால் விட்டார்கள். அங்கே எண்ணெய் தடிப்பு. கடைசி இருபது அடியில்தான் பந்து வளைய முடியும். ஸமீமாவின் புயலுக்கு அந்த இருபது அடி போதவில்லை, வளைவதற்கு முன்பே கட்டைகளைக் கடந்துவிட்டது. அக்காவோ பிள்ளையைத் தொட்டிலில் கிடத்துகிற மாதிரி மெதுவாக விட்டா. பந்து ஆறுதலாகப் போய், ஆறுதலாக வளைந்தது.

கடைசிப் பந்து. பத்துக் கட்டையும் நிற்கிறது. எட்டு விழுந்தால் சமன். ஒன்பது விழுந்தால் கோலாலம்பூர். பந்து போகிறது, போகிறது, போய்க்கொண்டே இருக்கிறது. எட்டு விழுந்தது. ஒன்பதாவது ஆடியது, யோசித்தது, பிறகு சாய்ந்தது. நான் கதிரையில் ஏறி நின்று கத்தினேன். ஸமீமா ஓடிவந்து அக்காவைத் தூக்கிச் சுற்றினாள்.

கோலாலம்பூரில் அக்கா கடைசிக்கு முந்தின இடம். அதைப்பற்றி அவவுக்கு ஒரு கவலையும் இல்லை. திரும்பி வந்து விமானநிலையக் கதையைத்தான் சொன்னா. அதிர்ஷ்டம் போய்விடும் என்று பந்து துடைத்த அந்தத் துவாயைத் தோய்க்காமலே கழுத்தில் போட்டுக்கொண்டு இறங்கியிருக்கிறா. கௌரி ஓடிவந்து கட்டிப்பிடித்து, தோளில் முகத்தைப் புதைத்து அழுதாவாம்.

"அக்கா, நீங்கள் இன்னும் தலைக்குத் தேங்காயெண்ணெய்தான் வைக்கிறீங்களோ? அந்த மணம் அப்பிடியே இருக்குது."

அக்கா எண்ணெய் வைப்பதை விட்டுப் பத்து வருடமாகிறது.

"நீங்கள் என்ன சொன்னீங்கள்?" என்று கேட்டேன்.

"ஒண்டும் சொல்லேல்லை," என்றா அக்கா.