குழந்தைக்குக் காய்ச்சல் என்று சொல்லி

மகள் பிறந்த பிறகு சிதம்பரத்தில் அம்மா வீட்டின் உள்ளறையில் இருந்தேன். பச்சை உடம்புக்காரி மூன்று மாதம் முடியாமல் வெளியே வரக்கூடாது என்று ஜன்னல்கூடப் பாதி சாத்தியே இருக்கும். பஸ் சத்தம் மட்டும் உள்ளே வரும். கணவருக்குக் கடலூர் சிப்காட் கெமிக்கல் கம்பெனியில் ஷிஃப்ட் வேலை. லீவு கிடைக்கும்போது வருவார். சட்டையில் கம்பெனி நெடி இருக்குமோ என்று பயந்து, குழந்தையைத் தூக்காமல் பார்த்துவிட்டுப் போவார். ஃபோனில், "எப்படி இருக்கே?" என்பார். "நல்லா இருக்கேன்" என்பேன். பொய் சொல்வதாக நினைக்கவில்லை. அந்தக் கேள்விக்கு அதுதான் பதில் என்று நினைத்திருந்தேன்.

முதல் வாரத்திலேயே அம்மா சொல்லிவிட்டாள்: "அழுவாத. அழுதுட்டுப் பால் குடுத்தா புள்ளைக்கு ஆவாது."

நான் விலங்கியல் படித்தவள். அதில் உண்மை இல்லை என்று தெரியும். ஆனாலும் ஒருவேளை இருந்துவிட்டால்? எனக்கோ காரணமில்லாமல் அழுகை வந்தது. வந்தால், கண் காயும்வரை பால் கொடுக்காமல் காத்திருப்பேன். குழந்தை பசியில் வீறிடும். அதைக் கேட்டு மறுபடி அழுவேன். மறுபடி காத்திருப்பேன். "பால் பத்தலையா? பூண்டு ஜாஸ்தி போட்டுத் தரேன்" என்று சமையலறையிலிருந்து அம்மாவின் குரல் வரும்.

குழந்தை தூங்கும்போதும் எனக்குத் தூக்கம் வரவில்லை. இவளுக்கு அழாத ஒருத்தி வேண்டும் என்று ஒரு பகலில் தோன்றியது. நான் இல்லாமல் போனால் அப்படி ஒருத்தி வந்துவிடுவாள். அந்த நினைப்பு என்னைப் பயமுறுத்தவில்லை. நிம்மதியாக இருந்தது. பயப்பட வேண்டியது அந்த நிம்மதிக்குத்தான் என்று அப்போது புரியவில்லை.

மறுநாள் துணி மடிக்க அண்ணன் மனைவி வந்தாள். நான் ஒவ்வொன்றாகச் சொல்லத் தொடங்கினேன்.

"சொட்டு மருந்து மேல் தட்டுல இருக்கு அண்ணி. தண்ணி ரொம்பச் சூடா இருந்தா அவளுக்குப் புடிக்காது. தோள்ல போட்டு மெதுவாத் தட்டினாத்தான் ஏப்பம் விடுவா."

"ஏம்மா, என் தலையில கட்டிட்டு எங்கயாவது கிளம்பலாம்னு பாக்குறியா? என்னுத இப்பத்தான் ஸ்கூலுக்குத் தள்ளிட்டு மூச்சு விடறேன். ஆளை விடு" என்று சிரித்தாள்.

நான் சிரிக்கவில்லை. அண்ணி மடித்த துணியைக் கீழே வைத்தாள்.

"எங்க போற?"

"எங்கயும் இல்ல."

"செத்துடலாம்னு தோணுதா?"

அப்படி யாரும் என்னைக் கேட்டதில்லை. ஆமாம் என்று தலையை ஆட்டினேன். அண்ணி திட்டவில்லை, ஆறுதலும் சொல்லவில்லை. என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். பிடி வலித்தது.

எனக்காக என்று சொன்னால் அம்மா வாசல் தாண்ட விடமாட்டாள். குழந்தையைத் தூக்கிக்கொண்டு அண்ணி சமையலறைக்குப் போனாள்.

"அத்தை, புள்ளைக்கு உடம்பு சுடுது. ஆஸ்பத்திரிக்குப் போய்ட்டு வந்துடறோம்."

அம்மா தொட்டுப் பார்த்தாள். "சுடலையே."

"அடுப்புல வெந்த கை உங்களுது. அதுக்கு எப்படித் தெரியும்?"

அம்மா நம்பிவிட்டாள். என் தலையில் துண்டைச் சுற்றி, கையில் வேப்பிலையைத் திணித்து அனுப்பினாள்.

ஆஸ்பத்திரியில் குழந்தைகள் பிரிவைத் தாண்டி அண்ணி நடந்தாள். மனநலப் பிரிவு என்ற பலகையைப் பார்த்ததும் நின்றுவிட்டேன்.

"தெரிஞ்சவங்க யாராவது பாத்தா?"

"அவுங்களும் இங்கதான வந்திருப்பாங்க. வா."

டாக்டரம்மாவிடம், "குழந்தைக்கு..." என்றுதான் நானும் ஆரம்பித்தேன். "குழந்தை நல்லாத்தான் இருக்கா. உன்னைச் சொல்லு" என்றாள் அண்ணி. சொன்னேன். கோர்வையாக வரவில்லை. டாக்டரம்மா குறுக்கிடாமல் கேட்டார். பிரசவத்துக்குப் பிறகு பலருக்கு வருகிற நோய்தான், குணமாகும் என்றார். மாத்திரை எழுதினார். இப்போதைக்கு என்னைத் தனியாக விடக்கூடாது, கணவர் தன்னை வந்து பார்க்க வேண்டும் என்று அண்ணியிடம் சொன்னார்.

வீடு திரும்பியபோது அம்மா வாசலிலேயே நின்றிருந்தாள். "காச்சலுக்கு என்ன சொன்னாங்க?"

அண்ணி வாய் திறப்பதற்குள் நான் சொன்னேன்: "அவளுக்கு ஒண்ணும் இல்லம்மா. எனக்குத்தான். சாகணும்னு தோணிட்டே இருக்கு."

அம்மா என்னை நேராகப் பார்க்கவில்லை. "வெயில்ல நிக்காத, உள்ள வா" என்றாள். அது கோபமா பயமா என்று தெரியவில்லை. இன்றுவரை நான் கேட்டதுமில்லை. மதியச் சாப்பாடு முடிந்ததும் தன் பாயைக் கொண்டுவந்து என் அறை நிலைப்படியை அடைத்துப் போட்டு, எனக்கு முதுகைக் காட்டிப் படுத்தாள். அவள் தூங்கவில்லை என்று மூச்சிலேயே தெரிந்தது. நானும் தூங்கவில்லை. இருவரும் சாயங்காலம்வரை அப்படியே கிடந்தோம்.