மேசைமேல் நின்ற மேகம்

எங்கள் தோட்டப் பாடசாலை மாத்தளையிலிருந்து சற்று மேலே இருக்கிறது. என் வகுப்புக்கும் விஞ்ஞான ஆசிரியரின் வகுப்புக்கும் நடுவில் ஒரு பலகைத் தட்டிதான். ஒல்லியான மனிதர், கழுத்துப்பட்டி கட்டாமல் ஒரு நாளும் வரமாட்டார். ஒவ்வொரு பிள்ளையும் ஒவ்வொரு விதமாகக் கற்கும் என்று ஏதோ பயிற்சிப் பட்டறையில் கேட்டுவந்ததிலிருந்து, யாரைக் கண்டாலும் தலையைச் சாய்த்துப் பார்த்து, "நீங்க பாட்டால படிக்கிற ஆளு", "நீங்க படத்தால" என்று தீர்ப்புச் சொல்வார். பஸ் கண்டக்டரையும் விடவில்லை.

பிள்ளைகளின் விஞ்ஞானக் கொப்பியில் எழுதிய ஒரு வரிகூட இல்லை என்று பெற்றோர் முறையிட, கல்வி அதிகாரி ஒருவர் விசாரிக்க வந்தார். காட்டோரத்து வில்கமுவவுக்கு அவருக்கு இடமாற்றம் நிச்சயம் என்று நாங்கள் பயந்தோம். அன்று பாடம் மழை. பாதிப் பேர் மேசையில் தாளம் போட்டார்கள்; மீதிப் பேர் ஆவியாகிக் கைகளை அசைத்து எழும்பிக்கொண்டிருந்தார்கள். ஆசிரியர் தலையைச் சாய்த்து அதிகாரியைப் பார்த்தார்.

"சேர், நீங்க உடம்பால படிக்கிறவரு. மேச மேல ஏறி மேகமா நில்லுங்க."

அதிகாரி சப்பாத்தைக் கழற்றிவிட்டு ஏறினார். பிள்ளைகள் கொப்பிகளால் விசிறினார்கள். நன்றாகக் குளிர்ந்ததும் அவர் மழையாகக் குதித்தார். இடமாற்றத்தைப் பற்றி அதன்பிறகு யாரும் பேசவில்லை.

தவணைப் பரீட்சைத் தாள்களைத் திருத்தும் வேலை எனக்கு வந்தது. மழை எப்படிப் பெய்கிறது? 'அதிகாரி குளிர்ந்ததும் பெய்கிறது' என்று வகுப்பே எழுதியிருந்தது. தாள்களோடு ஆசிரியரிடம் ஓடினேன்.

"குளிரணும்னு எழுதியிருக்காங்கல்ல டீச்சர்? யாரு குளிரணுங்கிறது சின்ன விசயம்," என்றார்.

திரும்பிவந்து சிவப்புப் பேனாவை எடுத்தேன். பிறகு எல்லாருக்கும் சரி போட்டேன். ஏன் என்று இன்றும் எனக்கு விளங்கவில்லை.