சுகமான எலி எங்கே?

என் கணவருக்குப் புற்றுநோய் தொடை எலும்புக்குப் பரவிவிட்டது. எலும்பு கறையான் தின்ற மரம்போல இருக்கிறது, கதிர் சிகிச்சை தொடங்காவிட்டால் ஒரு படி இறங்கும்போதே முறியலாம் என்று சொல்லி டொக்டர் திகதியும் தந்திருந்தார்.

அந்தக் கிழமைதான் சீனன்குடாவிலிருந்து என் அண்ணன் ஒரு போத்தலோடு வந்தார். எலிகளில் சோதித்த மூலிகை மருந்தாம். எலும்பிலிருந்த புற்றுநோய் வற்றியே போய்விட்டதாம். அண்ணனின் மகள் பல்கலைக்கழகத்தில் இதே நோயைத்தான் எலிகளில் ஆராய்கிறாள். அதனால் விற்றவன் எலி என்று சொன்னதுமே, மகளே சொன்னதுபோல் நம்பிவிட்டார்.

நான் வாய் திறப்பதற்குள் போத்தலை அந்தோனியார் சுரூபத்துக்கு முன்னால் வைத்துச் செபமாலையைத் தொடங்கினார். செபித்து எடுத்ததை வேண்டாம் என்றால் எங்கள் ஆட்களிடம் விசுவாசமில்லாதவள் என்ற பெயர்தான் மிஞ்சும். கணவர் அதைக் குடிக்கத் தொடங்கினார். ஆஸ்பத்திரி இனித் தேவையில்லை என்றார். கதிருக்குப் பயந்த மனிதருக்கு நல்ல சாட்டு.

ஞாயிறு பூசை முடிந்து அண்ணன் வந்ததும், எல்லோருக்கும் கேட்கும்படி அவர் மகளுக்குப் போன் எடுத்தேன்.

"எலிக்குத் தானாவே இப்பிடி எலும்புக்குப் பரவுறது குறைவு, மாமி. நாங்கள்தான் புற்றுநோய்க் கலங்களை ஊசியால அதின்ர இதயத்துக்குள்ள விடுறம். ரத்தத்தோட போய் எலும்பில பிடிக்கும். எலியில சரிவந்த எத்தனையோ மருந்து மனுசரில சரிவாறேல்ல."

"சுகமான எலிகளை என்ன செய்வீங்கள்?"

"எலும்பை வெட்டிப் பாக்கோணும், மாமி. கடைசியில எல்லாத்தையும் கொல்லுறதுதான்."

ஆண்டவர் படைத்த சின்ன உயிர்கள். மனிதருக்கு ஒரு வழி தெரியட்டும் என்று நோயைச் சுமந்து சாகின்றன. அவற்றின் பெயரைச் சொல்லி ஒருவன் கஷாயம் விற்கிறான். நாங்கள் அதற்குச் செபமாலை சொல்கிறோம்.

"சுகமான எலி ஒண்டைக் காட்டுங்கோ அண்ணை, பாப்பம்," என்று கேட்டபடி போத்தலை எடுத்தேன்.

"செபிச்சு வைச்சது, தங்கச்சி. ஊத்தாத."

"அந்தோனியாரிட்ட நான் கதைக்கிறன்."

குசினியில் பாத்திரம் கழுவும் தொட்டிக்குள் ஊற்றினேன். கணவர் தன் தொடையைத் தடவிக்கொண்டார்.

"நாளைக்குத்தானே திகதி?" என்றார் பிறகு. "ஆஸ்பத்திரிக்குப் போட்டுக்கொண்டு போக அந்த வெள்ளைச் சேட்டை மினுக்கி வையும்."