மத்திகிரி ஹெட்போன் சந்திப்பு: நாலாயிரத்தில் இறங்கிய விரல்

சென்ற மாதம் இரண்டாவது ஞாயிற்றுக்கிழமை, ஓசூரை அடுத்த மத்திகிரியில் நடந்த ஹெட்போன் ஆர்வலர் சந்திப்புக்குச் சென்று வந்தேன். எழுபத்தொரு வயதில் இது என்ன வேலை என்று கேட்பவர்களுக்கு: நான் கிருஷ்ணகிரியில் கல்லூரி ஒன்றில் இயற்பியல் கற்பித்தவள், ஒலியியல் என் பாடம். என் இடது காது இரண்டு ஆண்டுகளாக மங்கி வருகிறது. காது கேட்கும் கருவி வாங்கச் சொல்லி மருத்துவர் எழுதிக் கொடுத்தார். அதன் விலையைக் கேட்டபின், நல்ல ஹெட்போன் ஒன்றில் உயர் அதிர்வெண்களைக் கூட்டிவைத்துக் கேட்டால் போதாதா என்று எனக்குத் தோன்றியது. கடைகளில் பத்து ஹெட்போன்களை மாட்டிப் பார்க்க விடமாட்டார்கள். இத்தகைய சந்திப்புகளில் விடுவார்கள் என்று படித்தேன். அதனால் போனேன்.

கிருஷ்ணகிரிப் பேருந்து நிலையத்தில் காலை எட்டு மணிக்கு ஓசூர் வண்டி கிடைத்தது. ஐம்பது கிலோமீட்டருக்குச் சற்றே மேல். ஒன்றேகால் மணி நேரம் போதும் என்பார்கள். நம்பாதீர்கள். குருபரப்பள்ளியில் பாதி வழியை அடைத்து மேம்பால வேலை நடந்துகொண்டிருந்ததால் அரை மணி நேரம் அசையாமல் நின்றோம். இரு பக்கமும் சரக்கு லாரிகள். வண்டி எப்போது நகரும் என்று நடத்துநரைக் கேட்டேன். “லாரிக்காரன் மனசு வெச்சாதாங்கம்மா” என்று சொல்லிவிட்டு இறங்கி டீ குடிக்கப் போனார். ஓசூரை அடையும்போது மணி பத்து.

ஓசூரிலிருந்து மத்திகிரிக்கு நகரப் பேருந்து உண்டு, பெண்களுக்குக் கட்டணமில்லை. ஆனால் நேரமாகிவிட்டதால் ஆட்டோவை அழைத்தேன். ஓட்டுநர் இருநூறு கேட்டார்.

“நூத்தம்பது.”

“மாட்டுப் பண்ணைக்கு முன்னாடியா, தாண்டிங்களா?”

“முன்னாடி.”

“அப்ப ஏறுங்கம்மா. அங்க பையன் வீடா?”

“இல்ல. ஹெட்போன் பாக்கப் போறேன்.”

அவர் முழுதாகத் திரும்பி என்னைப் பார்த்தார். “ஹெட்போனா? அத பஸ் ஸ்டாண்டு வாசல்லயே நூறு ரூபாய்க்கு விக்கறாங்களேம்மா. ஆட்டோவுக்கே நூத்தம்பது குடுக்கறீங்க.”

கணக்கில் பிழையில்லை என்று ஒப்புக்கொண்டேன்.

சந்திப்பு நடந்தது லோகேஷ் என்பவரின் வீட்டு மாடியில். தெலுங்கு பேசும் குடும்பத்தைச் சேர்ந்தவர். நாற்பது வயது இருக்கலாம். ஒரு தொழிற்சாலையில் தரக்கட்டுப்பாட்டில் வேலை. ஓய்வு நேரத்தில் ஹெட்போன்களை வாங்கி விற்கிறார். முந்தைய சந்திப்பை நெடுஞ்சாலையோர ஜூஜுவாடியில் வைத்தார்களாம். “அங்க லாரி ஹாரன்தான் மேடம் எல்லா ஹெட்போன்லயும் ஒரே குவாலிட்டியா கேட்டுச்சு” என்றார். மத்திகிரியில் அந்தத் தொல்லையில்லை. நுழைவுக்கு இருநூறு ரூபாய். தேநீரும் முட்டை பப்ஸும் அதில் அடக்கம்.

வந்திருந்த இருபது பேரும் ஆண்கள். பாதிப்பேர் ஆலைகளில் வேலை செய்பவர்கள், மீதிப்பேர் மாநில எல்லைக்கு அப்பால் மென்பொருள் வேலைக்குப் போய்வருபவர்கள். ஒருவரிடம் தமிழில் தொடங்கிய வாக்கியத்தை அடுத்தவரிடம் கன்னடத்தில் முடித்தார்கள். காதை மூடிக்கொண்டு பேசுவதால் எல்லோரும் கத்தினார்கள். ஒலியைப் பற்றிப் பேச அவர்களிடம் தனி மொழி ஒன்று இருக்கிறது: ஒரு ஹெட்போன் ‘வார்ம்’, இன்னொன்றில் ‘ஏர்’ அதிகம், மூன்றாவதில் ‘ஸ்டேஜ்’ அகலம். வெப்பமானிக்கும் சைக்கிள் பம்புக்கும் நாடக மேடைக்கும் உரிய சொற்களைக் கொண்டு அரை மணி நேரம் சண்டையிட முடிகிறது. ஆனால் பொருள்களைத் தாராளமாகக் கையில் கொடுத்தார்கள். என் பழைய ஹெட்போனைக் கண்டதும் சிரிக்கவில்லை. அந்த அளவில் நாகரிகமானவர்கள்.

அங்கே எல்லோரும் தேடிவந்து பேசியது மாதேஷிடம். சூளகிரிப் பக்கம் நிலமுள்ள குடும்பம். முப்பத்து நான்கு வயது. எட்டு ஆண்டுகளாக ஒரு தொழிற்சாலையின் ப்ரெஸ் ஷாப்பில், அதாவது இரும்புத் தகடுகளை அடித்து வடிவமாக்கும் பிரிவில், ஒப்பந்தத் தொழிலாளி. இவர்களுடைய கைப்பேசிக் குழுவில் புது ஹெட்போன் எது வந்தாலும் முதலில் கேட்டு மதிப்புரை எழுதுபவர் அவர்தான். அவர் நன்று என்றால் வாங்குகிறார்கள். ‘ட்ரெபிள் போதல’, அதாவது உயர்ந்த ஒலிகள் குறைவு, என்றால் விட்டுவிடுகிறார்கள். அண்மைக் காலமாக அவர் எல்லாவற்றையும் ட்ரெபிள் போதவில்லை என்றே எழுதிவந்தார் என்று பிறகு அறிந்தேன்.

மதியம் பன்னிரண்டரைக்கு ‘விரல் போட்டி’ என்ற ஒன்றை வைத்தார்கள். ஒவ்வொரு சந்திப்பிலும் உண்டாம். ஒருவர் சுவரைப் பார்த்து உட்கார்ந்து ஹெட்போனை மாட்டிக்கொள்ள வேண்டும். பின்னால் மடிக்கணினியிலிருந்து மெல்லிய ஒலி தாழ்ந்த அதிர்வெண்ணில் தொடங்கிப் படிப்படியாக உயரும். கேட்கும்வரை விரலை உயர்த்தியிருக்க வேண்டும். கேட்காதபோது இறக்க வேண்டும். அதிக உயரம் போனவருக்குக் கேபிள் ஒன்று பரிசு. எனக்கு ஒன்பதாயிரம் ஹெர்ட்ஸோடு நின்றுபோயிற்று. என் வயதுக்கு அது மோசமில்லை. கைதட்டினார்கள். கிழவி ஒருத்தி உயிரோடு இருப்பதற்கே கைதட்டும் வழக்கம் எனக்குப் பிடிப்பதில்லை.

அடுத்து மாதேஷ் உட்கார்ந்தார். மூவாயிரத்தைத் தாண்டியதும் அவர் விரல் தயங்கியது, நாலாயிரத்தில் இறங்கிவிட்டது. ஏழாயிரத்துக்கு மேல் மறுபடி உயர்ந்தது.

“மாதேஷ், சிக்னல் கட்டாயிடுச்சாப்பா?” என்றார் லோகேஷ். எல்லோரும் சிரித்தார்கள்.

“இந்த மாடல்ல அந்த எடத்துல டிப் இருக்குது. ட்யூனிங் சரியில்ல” என்றார் மாதேஷ்.

வேறு ஹெட்போன் கொடுத்தார்கள். விரல் அதே இடத்தில் இறங்கி அதே இடத்தில் ஏறியது. அத்திப்பள்ளியிலிருந்து வந்திருந்தவரின் அறுபதாயிரம் ரூபாய் ஹெட்போனை மாட்டினார்கள். அதிலும் அப்படியே. இப்போது அறையில் உற்சாகம் கிளம்பிவிட்டது. காதுறை தேய்ந்திருக்கும் என்றார் ஒருவர். கேபிள் என்றார் இன்னொருவர். மாடியில் எர்த் சரியில்லை, இன்வெர்ட்டரிலிருந்து ஓடுகிறது என்று ப்ளக்கை மாற்றிச் செருகினார்கள். இருபது பேர், அவர்களில் பலர் பொறியாளர்கள், காதில் மாட்டிய அத்தனையையும் மாற்றினார்கள். காதைப் பற்றி ஒருவரும் பேசவில்லை. இந்தத் தவற்றைச் செய்ய நிறையப் பணமும் நிறைய ஆர்வமும் வேண்டும். சாதாரண மனிதனால் முடியாது.

நான் சொன்னேன்: “மூணு ஹெட்போன்லயும் ஒரே எடத்துல கோளாறுன்னா, கோளாறு ஹெட்போன்ல இல்ல.”

ஒருவர் கேபிளைச் சுருட்டத் தொடங்கினார். பிறகு லோகேஷ், பப்ஸ் ஆறிவிடும் என்று நினைவூட்டினார்.

தேநீரை எடுத்துக்கொண்டு மாடிப்படியில் உட்கார்ந்தேன். மாதேஷ் பின்னாலேயே வந்தார்.

“மேடம், கம்பெனில வருசா வருசம் காது டெஸ்ட் வெக்கறாங்க. நான் பாஸ்தாங்க.”

“எப்படி வெக்கறாங்க?”

“வேன் வருமுங்க. உள்ள ஒக்கார வெச்சு ஹெட்போன் மாட்டுவாங்க. சத்தம் கேட்டா பட்டன அமுத்தணும்.” தம் தேநீரை ஊதினார். “எதுருல டெஸ்ட் வெக்கற அம்மா மிஷின்ல கைய வெச்சிருப்பாங்க. அவங்க வெரலு அசையறது தெரியும். அசைஞ்சா அமுத்துவோம்.”

“எல்லாருமா?”

“ஷாப்புல அத்தன பேரும் அப்பிடித்தாங்க. புதுசா வர்றவனுக்கு மொத நாளே சொல்லிக் குடுத்துருவோம். பெயிலானா வேற செக்சனுக்கு மாத்துவாங்கன்னு போர்டுல எழுதியிருக்குது. மாத்தி நான் பாத்ததில்ல. கான்ட்ராக்ட் ரினியூ ஆவாது, அவ்வளவுதான்.”

“காதுல வெக்க பஞ்சு தர்றதில்லையா?”

“தர்றாங்க. அத வெச்சிக்கினா பக்கத்து மிஷின்காரன் கத்தறது கேக்காதுங்களே. கை போயிரும்.” பிறகு, நான் கேட்காமலே, “இன்னிக்கு செவுத்தப் பாத்து ஒக்கார வெச்சுட்டாங்க” என்றார்.

நடந்தது என்னவென்று விளக்கினேன். ப்ரெஸ் அடிக்கும் இரைச்சல் முதலில் தின்பது அந்த நாலாயிரத்தைத்தான். தாழ்ந்த ஒலிகள் நன்றாகக் கேட்பதால் மனிதனுக்குத் தெரிவதில்லை. பேச்சில் சகரமும் தகரமும் போன்ற கூர்மையான ஒலிகள் மழுங்கும். பெண்கள், குழந்தைகள் குரலில் இன்னும் அதிகமாக. போனது திரும்பாது. இருப்பதைக் காப்பாற்றலாம்.

“பாப்பாக்கு ஆறு வயசுங்க” என்றார் அவர். “வாய்க்குள்ளயே பேசுது, பேசுதுன்னு திட்டிக்கினே இருந்தேன். போன வாரம் ஒரு அடி கூட வெச்சேன். பள்ளிக்கூடத்துல மிஸ்ஸக் கேட்டா, நல்லாத்தான் பேசுதுன்றாங்க. அந்தம்மாவுக்கு என்னா தெரியும்னு வந்துட்டேன்.”

கிருஷ்ணகிரி அரசு மருத்துவமனையில் காது, மூக்கு, தொண்டைப் பிரிவுக்குப் போகச் சொன்னேன். பரிசோதிப்பவரின் கை தெரியாதபடி உட்காருங்கள் என்றும் சொன்னேன். “சரிங்க மேடம்” என்றார். அந்தச் ‘சரிங்க மேட’த்தை ஆயிரக்கணக்கான மாணவர்களிடம் கேட்டிருக்கிறேன். செய்யப்போவதில்லை என்று அதற்குப் பொருள்.

உள்ளே திரும்பியபோது லோகேஷ் விற்பனை மேசையை விரித்திருந்தார். பயன்படுத்திய ஹெட்போன் ஒன்றை எடுத்து, “மாதேஷ், ஒங்களுக்கு இதுதான். ட்ரெபிள் தூக்கலா இருக்கும், கேட்டுப் பாருங்க” என்று நீட்டினார். பதினான்காயிரம். மாதேஷ் அதைத் தம் கைப்பேசியில் செருகி ஏதோ ஒரு பதிவை ஓடவிட்டார். முகம் மாறிற்று. ஒரு பக்கக் காதுறையை என் வலது காதில் வைத்தார். ஒரு குழந்தை, அப்பா, வரும்போது சாக்பீஸ் வாங்கிவா, வெள்ளை வேண்டாம், சிவப்பு என்று சொல்லிக்கொண்டிருந்தது.

“சாக்பீஸ்னு சொல்லுது மேடம். நான் அத காப்பின்னு நெனச்சிக்கினு இருந்தேன். இதுல தெளிவா கேக்குது.”

கேட்கத்தான் செய்யும். கேட்காத இடத்தில் ஒலியைக் கூட்டிக் கொடுக்கும் கருவி அது. கூட்டிய ஒலியை ஏற்கெனவே அடிபட்ட இடத்திலேயே நாள்தோறும் சில மணி நேரம் அடித்தால் மிச்சமும் போகும். தவிர, வீட்டில் குழந்தை ஹெட்போன் வழியாகப் பேசப்போவதில்லை. இரண்டையும் சொன்னேன். மாதேஷ் பணத்தைக் கைப்பேசியில் அனுப்பினார்.

லோகேஷைத் தனியாக அழைத்து, இதை அவருக்கு விற்றிருக்கக் கூடாது என்றேன்.

“மேடம், அவருக்கு இதுல கேக்குது. கேக்கறத வாங்கறாரு. நான் பொய் சொல்லி விக்கலியே.”

“டாக்டர்கிட்ட போன்னு ஒரு வார்த்த சொல்லலாமே. ஒங்க சொல்லக் கேப்பாரு.”

“போயி, கம்பெனிக்குத் தெரிஞ்சு, வேல போச்சுன்னா, என்னைய கேப்பாங்களா ஒங்களைய கேப்பாங்களா?” குரலில் கோபமில்லை. “ஞாயித்துக்கெழம மேடம். நாலு பேரு சந்தோசமா இருக்கத்தான வர்றோம்.”

பதில் என்னிடம் இருந்தது. அதைச் சொல்லி எதுவும் மாறியிருக்காது என்பதும் தெரிந்தது. விரல் போட்டியின் முடிவை அன்றே குழுவில் பதிந்தார்கள்: மாதேஷின் முயற்சி ‘கேபிள் கோளாறால் கணக்கில் இல்லை.’

மூன்றரை மணிக்குக் கிளம்பி நகரப் பேருந்தில் ஓசூர், அங்கிருந்து கிருஷ்ணகிரி. திரும்பும்போது குருபரப்பள்ளியில் நிற்கவில்லை.

போக நினைப்பவர்களுக்குச் சில விவரங்கள். காலை ஏழு மணிக்கு முன் கிருஷ்ணகிரியில் ஏறிவிடுங்கள். மத்திகிரிக்கு ஆட்டோவில் நூற்றைம்பதுக்கு மேல் கொடுக்காதீர்கள். மதிய உணவை வீட்டிலிருந்து எடுத்துப் போங்கள், பப்ஸ் உணவாகாது. வீட்டில் கேட்டுப் பழகிய பதிவுகளைக் கொண்டுபோங்கள். அங்கே போடும் பாட்டில் எந்த ஹெட்போனும் நன்றாகத்தான் கேட்கும். என்னைப்போல் காது கேட்கும் கருவியின் செலவை மிச்சம் பிடிக்க எண்ணிப் போகாதீர்கள். பதினோரு ஹெட்போன்களைப் போட்டுப் பார்த்தேன். பாட்டுக்கு உதவும், வாசலில் அழைப்பவர் குரலுக்கு உதவாது. அடுத்த வாரமே கருவிக்குப் பணம் கட்டினேன்.

ஹெட்போன் வாங்குவதற்கு முன் காதைப் பரிசோதித்துக்கொள்ளுங்கள். இதைச் சொன்னால் ஆர்வலர்கள் சிரிக்கிறார்கள். கண்ணைப் பரிசோதிக்காமல் கண்ணாடி வாங்குபவனைப் பார்த்து அவர்களும் சிரிப்பார்கள்தான்.

மாதேஷ் என்பது அவர் உண்மைப் பெயரன்று. பெயரை மாற்றி எழுத அவரிடம் ஒப்புதல் பெற்றிருக்கிறேன். அதற்காகச் செய்தி அனுப்பியபோது, டெஸ்டுக்குப் போனீர்களா என்றும் கேட்டேன். மறுநாள் பதில் வந்தது.

“போனேங்க மேடம். வேன் நேத்துதான் வந்துச்சு. இந்த வருசமும் பாஸ்.”