வெறுங்கழுத்து

போடியில் மழை விட்டும் தோட்டத்து ஆட்களை ஏற்றிப்போகும் ஜீப்பு கிளம்பவில்லை. மலைப்பாதையில் சரிந்த மண்ணை அள்ளிக்கொண்டிருக்கிறார்களாம். மதுரையில் ஒரு மண்டபச் சுவரில் நான் வரையப்போகும் பாளையக்காரர் போருக்கு முகம் தேடி ஊர் ஊராக அலைந்து அலுத்துவிட்டது. சாக்குக்கட்டி பிடித்துப் பிடித்து விரலெல்லாம் வெடிப்பு.

எதிரே ஏலத்தோட்டத்துக்குப் போகிற பெண் ஒருத்தி, தூக்குச்சட்டியை மடியில் வைத்துக்கொண்டு மலையையே பார்த்தபடி இருக்கிறாள். அந்தப் படத்தில் செத்துக் கிடக்கும் வீரனின் மனைவிக்கு நான் தேடிய முகம் இதுதான். வரையட்டுமா என்று கேட்கிறேன்; தலையாட்டுகிறாள். பழுப்புத் தாளில் கறுப்பும் வெள்ளையுமாய் வரைந்து காட்டுகிறேன்.

வெகுநேரம் பார்க்கிறாள். "அண்ணே, கழுத்து ஏன் வெறுசா கெடக்கு?"

"இது நீங்க இல்லம்மா. சண்டையில புருசனைப் பறிகொடுத்த ஒருத்தி."

"மூஞ்சி எம் மூஞ்சிதானண்ணே? எங்க வீட்டுக்காரரு தோட்டத்துல காய்ச்சல்ல கெடக்காரு. அவரைப் பாக்கத்தேன் போறேன். வெரசா கயித்தப் போடுங்க."

பாதை சரியாகிவிட்டது போல. ஜீப்புக்காரர் ஹாரன் அடிக்கிறார். எல்லோரும் ஏறிவிட்டார்கள், அவள் மட்டும் நகரவில்லை. மஞ்சள் சாக்குக்கட்டியைத் தேடி எடுத்து, அந்தக் கழுத்தில் தாலிக்கயிறு வரைகிறேன். பார்த்த பிறகுதான் போய் ஏறுகிறாள்.

ஜீப்பு மறைந்ததும் கயிற்றை அழிக்கத் துணியை எடுக்கிறேன். ஒரு தேய்ப்பில் போய்விடும். கை வரவில்லை. துணியைப் பைக்குள்ளேயே போடுகிறேன்.

இன்னொரு முகத்துக்கு இனி அலைய முடியாது. படத்தில் செத்துக் கிடப்பவனைத்தான் எழுப்பி உட்கார வைக்க வேண்டும்.