பூசணிக்கொடிக்குப் போட்ட கொசுவலை

பஸ்ஸில் டிக்கெட் பரிசோதகராக இருந்து ஓய்வு பெற்றவரைத் தெருவே 'செக்கிங்' என்றுதான் சொல்லும். உத்தியோகம் போயிற்றே தவிர சந்தேகம் போகவில்லை. தோட்டத்துப் பூசணிப் பிஞ்சை அணில் கடித்திருந்தாலும் அவர் கண் நேரே பக்கத்து வீட்டுத் தையல்காரர் மேல்தான் போகும்.

"அணிலுக்கு இவ்வளவு பெரிய வாயா?" என்று கொடி முழுவதையும் கொசுவலையால் மூடி, ஓரமெல்லாம் செங்கல் அடுக்கினார். பூ என்னவோ மண்டிப் பூத்தது. பிஞ்சுகள்தான் ஒவ்வொன்றாக மஞ்சளடித்து உதிர்ந்தன.

"தையக்காரன் ஏதோ தெளிச்சுட்டான்" என்று கறுவினார்.

பிறகு திடீரென்று காய்கள் உதிராமல் நிற்கத் தொடங்கின. மனுஷன் சந்தோஷப்பட வேண்டாமா? செங்கல் ஒன்று இடம் மாறியிருந்ததைப் பார்த்ததும் அவருக்கு மூக்கில் வேர்த்துவிட்டது. கையும் களவுமாகப் பிடிக்க, மறுநாள் விடிந்ததும் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் பதுங்கினார்.

வந்து வலையைத் தூக்கியவள் அவர் மனைவி.

"நீயா? யாருக்குடி திறந்துவிடுற?"

"தேனீக்குங்க. அது பூவுக்குப் பூ உக்காந்தாத்தானே காய் பிடிக்கும்? பூ விரியறப்போ திறந்து, வாடினதும் மூடிடுவேன்."

"அது கூடவே வேற எவனாவது நுழைஞ்சா?"

அவள் வலையை இன்னும் கொஞ்சம் சுருட்டிவிட்டாள்.

"நீங்க பாக்குற பார்வைக்குப் பயந்து, சொந்தக்காரங்க ஒருத்தரும் நம்ம வாசப்படி மிதிக்கிறதில்ல. வர்றது இந்தத் தேனீ ஒண்ணுதான். அதுகிட்டயும் டிக்கெட் கேக்காதீங்க."